உள்நாட்டு விவகாரம்: சர்வதேசப் படிப்பைச் சேரியிலிருந்து வாசித்தல்

பாடத்திட்டமும் ஒரு பிரதிதான். நாவலுக்கு இருப்பதுபோல அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, நாயகர்கள் உண்டு, கடைசிவரை மேடைக்கே வராத ஆட்களும் உண்டு. நாவலையும் கவிதையையும் பிரித்து மேய்கிற நாம் பாடத்திட்டத்தை மட்டும் கைகட்டி வாங்கிக்கொள்கிறோம். தேர்வுக்கு வரும், மார்க்கு வரும், அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். சர்வதேச ஆய்வியல் முதுகலைப் பாடத்திட்டத்தை இங்கே ஒரு பிரதியாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. உலகத்தை அகம், புறம் என்று இரண்டாகப் பிரிக்கிற வித்தையைத்தானே இரண்டு வருஷம் படித்தோம். இன்னொரு துறை அதே வித்தையைக் காட்டினால் நமக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

இப்போது ஏன் இது? நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். டெல்லிக்குப் போகிறார்கள், புதுச்சேரிக்குப் போகிறார்கள், ஒருசிலர் உதவித்தொகையோடு லண்டன்வரை போகிறார்கள். வீட்டில் "அது என்னா படிப்பு, படிச்சா என்னா வேலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை நாம்தான் கேட்கணும். அந்தப் படிப்புக்குள் நாம் எங்கே இருக்கிறோம்?

பிரதியைப் பிரிப்போம். எந்தப் பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை, அதிலிருந்து இறையாண்மை. 1948இல் வந்த மார்கெந்தாவின் நூல், அதிலிருந்து தேசநலனும் அதிகாரமும். 1979இல் வந்த கென்னத் வால்ட்ஸின் நூல், அதிலிருந்து உலக ஒழுங்கின் அமைப்பு. பிறகு பனிப்போர், அணிசேராமை, ஐ.நா., அணுஆயுதம். இந்தியத் தாளில் கௌடில்யரின் மண்டலக் கோட்பாடு. கதையின் நாயகன் அரசு. அரசு நினைக்கிறது, அரசு அஞ்சுகிறது, அரசு பகைக்கிறது. அரசுக்கு மேலே தட்டிக்கேட்க ஆள் இல்லை, அதனால் உலகம் அராஜகம் என்று பாடம் தொடங்குகிறது. அரசுக்குள்ளே யார் யாரை அடிக்கிறான் என்பது இந்தக் கதையில் வராது. அது உள்நாட்டு விவகாரம்.

இந்த 'உள்நாட்டு விவகாரம்' என்கிற சொல்மேல்தான் முழுத் துறையும் உட்கார்ந்திருக்கிறது. இது இயற்கையாக முளைத்த சொல் மாதிரி நம்மிடம் சொல்லப்படுகிறது. அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு ஆதிக்கக் கூட்டம் அதை எடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறது.

துறையின் பிறப்பையே பாருங்கள். 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் இதற்கான முதல் பேராசிரியர் பதவி உருவானது, முதல் உலகப்போரின் அழிவைப் பார்த்து இனிப் போர் வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் துறை பிறந்தது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு வைத்த பெயர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனின் பெயர். அதே 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜப்பான் ஒரு கோரிக்கை வைத்தது. உலக நாடுகள் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இனச் சமத்துவத்தைச் சேர்க்கணும் என்றது. 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தன. தலைமையில் இருந்த வில்சன், இதற்கு ஏகமனதான ஒப்புதல் வேண்டும் என்று சொல்லித் தள்ளிவிட்டார். பெரும்பான்மை போதாதாம். முதல் பேராசிரியர் நாற்காலியின் முதுகில் எழுதியிருப்பது இந்தப் பெயர்தான்.

அதற்கும் முன்னால் போகலாம். அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 1910இல் ஒரு இதழ் தொடங்கினார்கள். பெயர் 'இன வளர்ச்சி இதழ்'. 1919இல் அதன் பெயரை 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று மாற்றினார்கள். 1922இல் அதன் இடத்தில் 'ஃபாரின் அஃபேர்ஸ்' வந்தது. இன்றைக்கு இந்தத் துறை மாணவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற இதழ் அதுதான். பெயரிலிருந்து இனம் என்ற சொல் போனது. வெள்ளையர் ஆளணும், மற்றவர் வளர்க்கப்படணும் என்ற கணக்கு அந்தச் சொல்லோடு போய்விட்டதா? ராபர்ட் விட்டாலிஸ் 2015இல் ஒரு நூல் எழுதி இந்தச் சரித்திரத்தைத் தோண்டி எடுத்தார். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஆலன் லாக், ரால்ஃப் பன்ச், மெர்ஸ் டேட் போன்ற கறுப்பின அறிஞர்கள் ஒரு தனிச் சிந்தனை மரபையே கட்டியிருந்தார்கள் என்றும், துறை அதை மறந்துபோனது என்றும் அவர் காட்டினார். மறந்துபோனது என்பது மரியாதையான சொல். நம் ஊரில் இதைத் தள்ளிவைத்தது என்போம்.

இனி நம் நாட்டுக் கதை. 1946இல் இந்தியா ஐ.நா. பொதுச்சபைக்கு ஒரு புகாரைக் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்கா அங்கே வாழும் இந்தியர்களை இனத்தின் பேரால் இழிவுபடுத்துகிறது என்பது புகார். விஜயலட்சுமி பண்டிட் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தென்னாப்பிரிக்கா என்ன பதில் சொன்னது? இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. சாசனம் 2ஆம் பிரிவு 7ஆம் உட்பிரிவின்படி நீங்கள் தலையிடமுடியாது என்றது. இந்தியா ஒப்புக்கொள்ளவில்லை. மனித கண்ணியம் எல்லைக்குள் அடங்கும் சமாச்சாரம் இல்லை என்ற வாதம் வென்றது. அந்த டிசம்பரில் தீர்மானம் நிறைவேறியது. இதை எல்லாப் பாடத்திட்டமும் பெருமையாகச் சொல்லும். சொல்லட்டும், பெருமைக்குரியதுதான்.

அதே 1946இல் அம்பேத்கர் அமெரிக்காவின் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு ஒரு மனு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதன் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். தீண்டப்படாதவர்களும் அதுபோலச் செய்வதைப் பற்றி யோசிப்பதாக எழுதினார். டு போய்ஸ் ஜூலை கடைசியில் பதில் போட்டார். ஒரே வருஷத்தில், ஒரே மன்றத்தை நோக்கி, ஒரே கேள்வியோடு இரண்டு பயணம். ஒன்று அரசின் பயணம், அது பாடமாகிவிட்டது. இன்னொன்று சேரியின் பயணம், அது கடிதக்கட்டில் கிடக்கிறது.

55 வருஷம் கழித்து, 2001 ஆகஸ்ட் கடைசியில், அதே தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு கூடியது. தலித் அமைப்புகள் கிளம்பிப் போய்ச் சாதியை அதில் சேர்க்கக் கேட்டன. இந்திய அரசு என்ன சொன்னது? சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் அரசியல் சட்டம் பார்த்துக்கொள்கிற விஷயம், சர்வதேச மேடைக்கு இது வரத் தேவையில்லை. 1946இல் தென்னாப்பிரிக்கா உட்கார்ந்த நாற்காலியில் 2001இல் இந்தியா உட்கார்ந்தது, அதுவும் தென்னாப்பிரிக்க மண்ணிலேயே. இறுதி ஆவணத்தில் சாதி என்ற சொல் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1965இல் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் முதல் பிரிவில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல் சாதியையும் குறிக்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கிற ஐ.நா. குழு 1996இலேயே சொல்லிவிட்டது. 2002இல் தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் விரிவாகவே எழுதியது. 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது தென்னாப்பிரிக்க நிறவெறி ஒன்றுதான் என்று டெல்லியில் பேசினார். இரண்டு மாசம் போனதும் 2007இல் ஜெனிவாவில் இந்தியக் குழு, சாதியை இந்த உடன்படிக்கையில் சேர்க்கமுடியாது என்று பழைய பாட்டையே பாடியது. உள்ளூர் மேடைக்கு ஒரு நாக்கு, வெளியூர் மேடைக்கு ஒரு நாக்கு. இதற்கு ராஜதந்திரம் என்று பேர்.

வெளியுறவுக் கொள்கைத் தாளில் இந்த முரண் ஒரு முழு அலகாக இருக்கணும். இந்திய அரசின் பேச்சை ஆராய இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

கௌடில்யருக்கு வருவோம். மேற்கத்தியக் கோட்பாடுகள் மட்டும் போதாது, இந்திய மரபையும் சேர்க்கணும் என்று இப்போது குரல் பலமாகக் கேட்கிறது. சேர்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்திய மரபு என்று சொன்னதும் கை நேராக அர்த்தசாஸ்திரத்துக்குத்தான் போகிறது. பக்கத்து அரசன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன் என்கிற மண்டலக் கணக்கு வகுப்பில் படமாக வரையப்படுகிறது. அதே நூல் நகரத்தை எப்படி அமைக்கணும் என்று சொல்லும்போது, சண்டாளர்கள் சுடுகாட்டுக்கு அப்பால் குடியிருக்கணும் என்று சொல்கிறதே, அது எந்த அலகில் வருகிறது? அந்த நூலின் அரசு வெளியே மண்டலம் போடுகிறது, உள்ளே சேரி போடுகிறது. இரண்டும் ஒரே கையால் போட்ட கோடு. வெளிக்கோட்டைக் கோட்பாடு என்றும் உள்கோட்டைப் பழக்கவழக்கம் என்றும் பிரித்துக் கற்பிக்கிறவர் அர்த்தசாஸ்திரத்தையே ஒழுங்காகப் படிக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இந்தியச் சிந்தனையாளர்தான் வேண்டுமென்றால் அம்பேத்கர் இருக்கிறார். சட்டம், அரசியல் சாசனம் என்று அவரை ஒரு அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். பாகிஸ்தான் பிரிவினையைப் பற்றி 1940இலேயே ஒரு முழு நூல் எழுதியவர் அவர். 1942 டிசம்பரில் கனடாவில் மோன் ட்ரோம்ப்லாவில் பசிபிக் உறவுகள் கழகத்தின் மாநாடு நடந்தது. போருக்குப் பிந்திய உலகம் எப்படி அமையணும் என்று வல்லரசுகளின் ஆட்கள் கூடிப் பேசிய இடம். அந்த மாநாட்டுக்குத் தீண்டப்படாதவர் பிரச்சினை பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார் அம்பேத்கர். உலக ஒழுங்கைப் பேசுகிற மேசையில் சேரியைக் கொண்டுபோய் வைத்தார். 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது தந்த அறிக்கையில் வெளியுறவுக் கொள்கையும் ஒரு காரணம் என்றார். வருஷ வருமானம் 350 கோடி ரூபாயில் ஏறக்குறைய 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது, இது நம் வெளியுறவுக் கொள்கையின் விலை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1954இல் மாநிலங்களவையில் பஞ்சசீலத்தையே கேள்வி கேட்டார். அவர் சொன்ன எல்லாவற்றோடும் நாம் ஒத்துப்போகவேண்டும் என்றில்லை. அந்தப் பஞ்சசீலப் பேச்சோடு சண்டை போடலாம். சண்டை போடுவதற்காவது அவர் பாடத்தில் இருக்கணும் இல்லையா?

அம்பேத்கருக்கு முன்னாலும் நம் ஆட்கள் கடல் தாண்டிப் பேசியிருக்கிறார்கள். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தணும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் ரெட்டமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் கூடாது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். 3,412 பேர் கையெழுத்து. இங்கே நடத்தினால் ஆதிக்க சாதிகள்தான் நாற்காலியைப் பிடிக்கும், அப்புறம் எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்பது வாதம். இதைத் தேசபக்தி இல்லாத மனு என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. யார் கையில் அரசு போகிறது என்று கேட்பது தேசத்தைப் பற்றிய கேள்விதான். 1898இல் அயோத்திதாசர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். அரசுகள் பஞ்சசீலம் பேச அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய சீனிவாசன் 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசையில் உட்கார்ந்தார். சர்வதேசம் நமக்குப் புதுசு இல்லை. பாடத்தில் நாம் இருப்பதுதான் புதுசாக இருக்கும்.

இலங்கை தாளுக்குப் போவோம். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. அண்டை நாட்டோடு சுமூகமாகத் தீர்த்துக்கொண்ட பிரச்சினை என்ற தலைப்பில் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். மூட்டைக் கணக்கு மாதிரி இருக்கிறதா? தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி யார்? பஞ்சத்தாலும் பண்ணையடிமையாலும் ஊரைவிட்டு ஓடிய பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள். எந்த மேசையிலும் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. திரும்பி வந்தவர்களில் பலரை மறுபடியும் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். இருதரப்பு உறவு என்று பாடம் சொல்கிறது. அங்கே மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது, அதுக்குத்தான் வலித்தது. அந்தத் தரப்பின் வாரிசுகள் இன்றைக்கு அந்த வகுப்பறையில் உட்கார்ந்து, தங்கள் பாட்டியைப் பிரித்துக் கொடுத்த ஒப்பந்தத்துக்குப் பத்து மார்க்கில் விடை எழுதுகிறார்கள்.

இதுவரை சொன்னது பாடத்தைப் பற்றி. இனிப் படிக்கப் போகும் வழியைப் பற்றி. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் 1950களிலிருந்து இருக்கிறது. 2022இல் இடங்களை 125 ஆக்கினார்கள், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. கூடவே விதிமுறையில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இனி இந்தப் பணம் கிடையாது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவே போதும், வெளியே போகிறவன் வேறு படிக்கட்டும் என்பது விளக்கம்.

கேட்க நியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அர்த்தம் என்ன? சேரியிலிருந்து ஒரு பெண் இந்தப் பணத்தில் லண்டனுக்குப் போய்ச் சர்வதேச ஆய்வியல் படிக்கலாம். சிரியாவைப் பற்றி எழுதலாம், ருவாண்டாவைப் பற்றி எழுதலாம். டர்பனில் சாதி எப்படி வெட்டப்பட்டது என்று ஆய்வேடு எழுதக் கிளம்பினால் பணம் நின்றுபோகும். 1913இல் பரோடா அரசர் கொடுத்த உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கர், 1916 மே மாதத்தில் அங்கே மானுடவியல் கருத்தரங்கில் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்பது. ஒரு சமஸ்தான மகாராஜா போடாத நிபந்தனையை ஒரு குடியரசு போடுகிறது. டர்பனில் சொன்ன அதே வாக்கியம்தான் இது. சாதி உள்நாட்டு விவகாரம். அன்றைக்கு மாநாட்டு ஆவணத்தில் சொன்னார்கள், இப்போது உதவித்தொகை விண்ணப்பத்தில் சொல்கிறார்கள்.

ஆனால் சாதி இந்த விதியை மதிக்கவில்லை, அது எப்போதோ விசா வாங்கிப் போய்விட்டது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தன. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சட்டமே போட்டது. அதே வருஷம் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் தடுத்துவிட்டார். பிரிட்டனில் 2013இல் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று பாராளுமன்றம் சொன்னது, 2018இல் அரசு பின்வாங்கியது. வெளிநாட்டுச் சட்டமன்றங்களில் அடிதடி நடக்கும் விஷயத்தைச் சர்வதேச விஷயம் இல்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

நம் பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். ஜெனிவாவுக்குப் போய் என்ன கிழித்தோம், மாநாடும் விமான டிக்கெட்டும்தான் மிச்சம் என்று களத்தில் நிற்கிற தோழர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதல்களை ஒட்டி ஆதிக்க சாதியினர் எழுப்பிய சுவரை எந்த ஐ.நா. குழுவும் வந்து இடிக்கவில்லை. போராட்டத்தின் நெருக்கடியில் 2008 மே 6இல் மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்தது. அந்த 1989இல்தான் பெர்லின் சுவர் விழுந்தது. உலகமே மாறிவிட்டது என்று பாடப்புத்தகம் அந்த வருஷத்துக்குத் தனி அத்தியாயம் போட்டிருக்கிறது. ஒரு சுவர் விழுந்த காலத்தில் இன்னொரு சுவர் ஏன் எழுந்தது என்று கேட்க அந்த அத்தியாயத்தில் இடமில்லை. களத்தில் நிற்கிறவர்கள் சுவரை இடிக்கட்டும். படிக்கப் போகிறவர்கள் அந்த அத்தியாயத்தை இடிக்கட்டும். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனை.

இன்னொரு ஆறுதல் வார்த்தையும் சொல்வார்கள். கே.ஆர். நாராயணன் இல்லையா என்பார்கள். இருந்தார். 1945இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய், 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகி, ஜனாதிபதியும் ஆனார். பெருமைதான். ஆனால் ஒரு நாராயணன் போன வழியில் எத்தனை பேர் போகமுடிந்தது என்று யாரும் கணக்குக் காட்டுவதில்லை. உழவூரிலிருந்து ஒருவர் பீகிங்குக்குப் போனதால் உழவூர்கள் பாடத்துக்குள் வந்துவிடவில்லை. ஆளைச் சேர்ப்பது ஒன்று, ஆள் கொண்டுவரும் கேள்வியைச் சேர்ப்பது வேறு. முதலாவதைச் செய்து இரண்டாவதைத் தட்டிக்கழிப்பது பழைய தந்திரம்.

அதனால் இந்தப் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. போங்கள், நிறையப் பேர் போங்கள். மார்கெந்தாவையும் வால்ட்ஸையும் நன்றாகவே படியுங்கள், அரைகுறையாகப் படித்துவிட்டு எதிர்த்தால் சிரிப்பார்கள். கௌடில்யர் தாள் வரும்போது சுடுகாட்டுக்கு அப்பால் இருக்கிற வரியை எடுத்து வகுப்பில் வாசியுங்கள். 1946ஐக் கேட்டால் 2001ஐயும் சேர்த்து எழுதுங்கள், மார்க்கு குறைந்தால் குறையட்டும். ஆய்வேட்டுத் தலைப்புக்கு உத்தப்புரமும் மலையகமும் டர்பனும் வரிசையில் நிற்கின்றன. உதவித்தொகை விதியின் அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி மாணவர் அமைப்புகள் விடாமல் நச்சரிக்கணும். டு போய்ஸும் அம்பேத்கரும் எழுதிக்கொண்ட கடிதங்களையும், அந்தக் கனடா மாநாட்டுக் கட்டுரையையும் நல்ல தமிழில், நம் பிள்ளைகள் ராத்திரி உட்கார்ந்து படிக்கிற மாதிரி, மலிவான சிறு வெளியீடாகக் கொண்டுவரணும். அது எழுதுகிறவர்களாகிய நம் வேலை.

ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஓடுகிற கோட்டைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னார்கள். எல்லை என்றால் என்ன, எல்லையில் நிற்கிறவன் யார், கடக்கிறவனுக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் நம் ஜனங்களுக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். சர்வதேசப் படிப்புக்கு அந்த அறிவு தேவைப்படுகிறது. அதைக் கொண்டுபோய் வகுப்பில் வைக்க ஆள் வேண்டும்.